நெல்லைக்கு இருபதாண்டுத் திட்டம்: கருத்துக் கேட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டைப் பக்கம் நகரத் திட்டத்துக்கான ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுவரில் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று வண்ணம் பூசிய பெரிய வரைபடம். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் வரைபடத்தை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். "தம்பி, இதுல நம்ம தெரு எங்கன இருக்கு?" என்று கேட்டார். நானும் தேடினேன். தாமிரபரணி ஆறு தெரிந்தது, தண்டவாளம் தெரிந்தது. அவர் தெரு இருக்க வேண்டிய இடத்தில் சர்வே எண்கள் மட்டும் இருந்தன. கடைசியில் ஒரு நீலக்கோட்டில் விரலை வைத்தார். "இந்தா, இந்தக் கால்வா இருக்குல்லா, மழைக்கு இது வடக்கதான் உடைக்கும். தெக்க மேடு."

கூட்டம் நடந்த இரண்டு மணி நேரமும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். திட்டத்துக்கு மிகவும் தேவையான தகவல் அவரிடம் இருந்தது, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

ஒரு நகரத்தின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்பது அடுத்த இருபது ஆண்டில் எங்கே வீடு வரலாம், எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எது வயலாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஆவணம். அதை வரையும்போது நடக்கிற பெரிய தவறு, வரைந்து முடித்த பிறகு மக்களைக் கூப்பிடுவது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வரைவை வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபணை, ஆலோசனை கேட்கச் சொல்கிறது. இது குறைந்தபட்சம்தான். இதையே முழுக் கடமையாக எடுத்துக்கொண்டால், ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது ஆட்சேபணை எழுதுகிற வேலை மட்டும். கோடு போடும் முன் ஒரு தடவை, இரண்டு மூன்று மாற்று வழிகள் கையில் இருக்கும்போது ஒரு தடவை, வரைவு வந்ததும் ஒரு தடவை என்று மூன்று முறை கேட்க வேண்டும். வரைபடத்தில் தமிழில் தெருப் பெயர், கோயில், பள்ளிவாசல், சர்ச், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் தன் வீட்டைக் கண்டுபிடித்துப் பேச ஆரம்பிப்பார்.

அடுத்தது, கேள்வியைத் தப்பாகக் கேட்பது. "உங்களுக்கு என்ன வேணும்?" என்றால் வாறுகால் (சாக்கடை), தெருவிளக்கு, குடிதண்ணீர் என்றுதான் பதில் வரும். அதைக் குறை சொல்ல முடியாது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரைக்கும் இங்கே கவுன்சிலரே கிடையாது; மைக் கிடைத்ததும் மனிதர்கள் மனக்குறையைத்தான் சொல்வார்கள். கூட்டத்தின் வாசலிலேயே ஒரு மேசை போட்டு அந்த மனுக்களை வாங்கி, ரசீது கொடுத்துவிடுங்கள். அப்புறம் உள்ளே நெடுநாள் கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை வேலைக்கு எந்த ஊருக்குப் போகிறது? உங்கள் தெருவில் எந்த வயல் எந்த வருடம் பிளாட் ஆனது?

எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் ஜங்ஷனும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தண்ணீரில் நின்றன. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று ஆற்றோரத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் எந்த முடுக்கு (சந்து) வழியாக வந்தது, எத்தனை படி ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது எல்லாம் தெரியும். வளவுச் சுவர்களில் வண்டல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. அடுத்த மாதமே பொங்கல். வெள்ளையடித்தால் கோடு போய்விடும். அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அளந்தால் கிடைக்கிற வெள்ள வரைபடத்தைப் பின்னால் எந்தக் கணினியாலும் முழுதாகத் திரும்ப வரைய முடியாது. 1992 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இரண்டு வெள்ளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கட்டடம் வரக்கூடாது என்பதில் சந்தேகமே வராது.

வார்டு வார்டாகப் பிரித்துக் கேட்பதில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. நெல்லை, பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் சேர்ந்து 1994-ல் மாநகராட்சி ஆனது. இன்று 55 வார்டுகள். தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுனைத் தொட்டு நயினார்குளத்துக்கு வருகிறது. பாளையங்கால்வாய் பழவூரில் கிளம்பி மேலப்பாளையம், பாளை வீடுகளுக்கு நடுவில் ஓடி அப்பால் வயலுக்குப் போகிறது. வார்டுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் பங்குக் கால்வாயைத் தன் தெருவின் வாறுகாலாகத்தான் பார்க்கிறார்கள். அதில் தண்ணீர் பாய்ச்சும் கடைமடை (கால்வாயின் கடைசிப் பகுதி) விவசாயி மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால் அவருக்கு அழைப்பே போவதில்லை. ஆற்றின் போக்கில் கீழே இருக்கிற ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கும் அப்படித்தான், இங்கே ஆற்றில் விழுகிற சாக்கடை அவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது என்றாலும். வார்டுக் கூட்டம் நடக்கட்டும். அதோடு ஒவ்வொரு கால்வாய்க்கும் தலைமடையிலிருந்து கடைமடை வரை எல்லாரையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் போட வேண்டும்.

நேரமும் இடமும் சின்ன விஷயமாகத் தெரியும். காலை பதினொரு மணிக்கு மண்டபத்தில் கூட்டம் என்றால் மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள் வரமாட்டார்கள்; அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பீடி மடியில் இருக்கும். அவர்கள் முறத்தோடு உட்கார்ந்திருக்கிற திண்ணைக்கு நாம் போக வேண்டும், கை வேலை செய்யும், வாய் பேசும். காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் நூறாண்டு தாண்டி நடக்கிற பாளையில், சைகை மொழி தெரிந்த ஒருவர் இல்லாமல் கூட்டம் போடவே கூடாது.

கடைசியாக, பதில் சொல்லாமல் விடுவது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். சொன்ன கருத்து, அதை ஏற்றார்களா இல்லையா, ஏற்காவிட்டால் என்ன காரணம், ஏற்றிருந்தால் திட்டத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் போட்டு வார்டு அலுவலகத்தில் ஒட்டினால் போதும். முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னால் நம் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

சரி, நம் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்கள், அதாவது வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள், தொடங்கின. அடுத்து உங்கள் பகுதியில் நடக்கும்போது, 2023 வெள்ளத்தில் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் தெருப் பெயர், தேதி, தண்ணீர் நின்ற உயரம் மூன்றையும் எழுதி மனுவோடு கொடுங்கள். நகலில் சீலும் கையெழுத்தும் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.