வட சென்னையில் பல அமைப்புகள் கூடி ஓர் உதவி எண்ணை நடத்துவது எப்படி

குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416, சட்ட உதவிக்கு 15100 என்று எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தும், வியாசர்பாடியில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை மனு, பிள்ளையின் படிப்பு, வாடகை பாக்கி ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்போது, எதற்கு யாரிடம் போவது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். தொண்டு நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்து நடத்தும் எண் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்.

எண்ணை அறிவிக்கும் முன்பே, எந்த நேரத்தில் யார் எடுப்பார், எந்தச் சிக்கலை எந்த அமைப்பு ஏற்கும், எத்தனை நாளுக்குள் பதில் தரும், எடுப்பவரின் சம்பளத்தை யார் தருவார் என்பவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது கூடாது.

உழைப்பில் பெரும்பகுதி விவரப் பட்டியலுக்கே போக வேண்டும். அலுவலக முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் கொண்ட பட்டியல் மக்களை அலைக்கழிக்கும். எந்த நாளில் போகலாம், என்னென்ன சான்றுகளின் நகல் வேண்டும், இ-சேவை மையத்திலேயே முடியுமா என்பவையும் அதில் இருக்க வேண்டும். மாநகராட்சி மண்டலம் வேறு, வருவாய் வட்டம் வேறு என்பதால், அழைப்பவரிடம் தெருப் பெயரைக் கேட்டு இரண்டையும் நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள். திருவொற்றியூரும் மாதவரமும் 2018இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன; அங்குள்ளவர்களின் பழைய ஆவணங்களில் திருவள்ளூர் மாவட்டம் என்றே இருக்கக்கூடும். பட்டியலை மாதம் ஒருமுறை ஒவ்வோர் இடத்துக்கும் பேசிச் சரிபார்ப்பது அவசியம்.

அழைப்பவரிடம் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவதைப் பரிந்துரை என்று நான் ஏற்கமாட்டேன். அவருடைய சம்மதத்தோடு, உதவப்போகும் அமைப்புக்கு நீங்களே பேசி, பெயரையும் தேவையையும் சொல்லி, இன்னாரைப் பாருங்கள் என்று அனுப்புங்கள். சில நாள் கழித்து அவரை அழைத்து, உதவி கிடைத்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்ணை எந்த நேரத்தில் திரும்ப அழைக்கலாம் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். வேறு யாராவது எடுத்தால் அமைப்பின் பெயரைச் சொல்லவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் 108 அல்லது 112க்கு உடனே சொல்லிவிட்டு, உதவி வரும்வரை தொடர்பிலேயே இருங்கள்.

கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், உதவி கிடைக்காமல் திரும்பியவர்களின் பதிவுகளை முதலில் எடுங்கள். யார் ஏற்க மறுத்தார், ஏன் மறுத்தார் என்று பெயர்களை மறைத்துப் பேசினால் இடைவெளி எங்கே என்பது தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக் குடும்பங்களின் வருமானம் குறைவதால், நிவாரணம் தொடர்பான விவரங்களை மார்ச் மாதத்திலேயே திரட்டிவையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் புளியந்தோப்பு, கொடுங்கையூர் பகுதிகளுக்கான ஏற்பாடும் அவ்வாறே முன்கூட்டி அமையட்டும். விளம்பரத்துக்கு ரேஷன் கடை, அங்கன்வாடி ஆகியவற்றின் சுவர் போதும். ஒரு வார்டில் தொடங்கி, வரும் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்ல முடிகிறது என்று உறுதியான பிறகே அடுத்த வார்டில் எண்ணை ஒட்டுங்கள்.