மணல் தின்ற குதிரைக்கு வயிற்றுவலி: லத்தியில் (சாணத்தில்) கண்டுபிடிக்கும் முறை

கடற்கரை மணலிலோ மணற்பாங்கான தோட்டத்திலோ கட்டிய குதிரை தீனியோடு மணலையும் தின்றுவிடும். சிந்திய கொள்ளை உதட்டால் துழாவிப் பொறுக்கும்போதுதான் அதிகம் உள்ளே போகிறது. அது பெருங்குடலின் அடியில் படிந்து உள்சுவரைப் புண்ணாக்கும். சேரச் சேர வழியை அடைக்கும். அடைப்புக்கு முன்பே கழிச்சலும் மெலிவும் வரலாம். குடற்புழு என்று நினைத்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.

நீளமான பிளாஸ்டிக் கையுறையைப் போட்டு, புது லத்திக் குவியலின் மேலிருந்து ஐந்தாறு உருண்டைகளை எடுங்கள். அடியில் உள்ளதை எடுத்தால் தரை மணலும் ஒட்டிவந்து கணக்கைக் கெடுக்கும். கையுறையை உள்வெளியாகத் திருப்பி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, லத்தியைப் பிசைந்து கரைத்து, விரல்கள் கீழே இருக்கும்படி 20 நிமிடம் தொங்கவிடுங்கள். பிறகு விரல் நுனிகளை வெளியிலிருந்து நெருடிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி அளவுக்கு நறநறவென்று தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் நிம்மதி வேண்டாம்: கெட்டியாகப் படிந்த மணல் லத்தியில் வராமலும் இருக்கும். சில நாள் தொடர்ந்து பாருங்கள். வயிற்றின் அடியில், நெஞ்செலும்புக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அலை கரையில் உருளும் ஓசை கேட்பதும் உண்டு.

காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாதது தெரிந்தால் சோதனையெல்லாம் பிறகு. உடனே தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். தாடைக்கு அடியில் நாடி பிடித்து எண்ணிச் சொல்லுங்கள். நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு; 60-ஐத் தாண்டினால் ஆபத்து. தயவுசெய்து வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார். கேட்காமல் வலி ஊசியும் வேண்டாம். வலி மறைந்தாலும் அடைப்பு உள்ளேயே இருக்கும்.

வலி இல்லாத குதிரைக்கு மருத்துவர் சொன்னால் இசப்கோல் உமி கொடுக்கலாம். கிலோ எடைக்கு 1 கிராம் வரை, அதாவது 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 400 கிராம் வரை, மாதத்தில் 7 நாள். லேசாக ஈரமான தீனியில் கலந்த கையோடு வையுங்கள். ஊறினால் கொழகொழத்துத் தின்னாது. மாதம் முழுக்கக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கப் பழகிவிடும், பலன் குறையும்.

தீனியைத் தொட்டியில் போட்டு, அதன் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். கொள்ளுக்கு முன் புல்லைக் கொடுங்கள். பசித்த வாய்தான் மண்ணைத் துழாவும். விரிப்பைத் தினமும் பெருக்குங்கள், குளம்போடு வரும் மணல் அதிலும் சேரும்.