தீனி தொடாத பெண் ஆமை

எங்கள் சிவப்புக்காது ஆமை திடீரென்று தீனியை நிறுத்திவிட்டது. ராத்திரி பகலாகத் தொட்டிக் கண்ணாடியைப் பிறாண்டியது. தண்ணீரை மாற்றினேன், ஹீட்டரை 27 டிகிரிக்கு வைத்தேன், கடைக்காரர் தந்த மருந்தையும் ஊற்றினேன். பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: தண்ணீரைவிட்டு வந்து உடம்பு காயும் கல்மேல் ஏறியதும் பின்னங்கால்களை மட்டும் மாறி மாறி, மண் அள்ளுவதுபோல அசைத்தது. கால்நடை மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் வயிறு நிறைய முட்டை! ஆண் இல்லாமலேயே முட்டை வைக்கும், குஞ்சுதான் பொரிக்காது. மண் கிடைக்காமல் அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பெரிய டப்பில் ஓர் அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்துக்கு நனைத்து, ஆமையை விட்டுவிட்டு விலகிவிட்டேன். ஆள் நின்றால் தோண்டுவதைப் பாதியில் விட்டுவிடும். சாயங்காலம் மண்ணைக் கிளறினால் முட்டைகள். அப்பாடா! மறுநாளே தீனிக்கு வந்துவிட்டது.