கைமீறிப்போன அட்டையை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தில் ஜேக்கு (ஜாக்) 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சைபர். ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஒரு ஜே பதினைந்து ராணிக்குச் சமம். அப்படியிருந்தும், ஜேயின் புள்ளியைக் குறைக்கச் சொல்லி மட்டக்களப்பில் யாரும் சண்டை பிடிப்பதில்லை. நல்ல கடதாசி வந்தவர் ஏலத்தில் கூடக் கேட்க வேண்டும், கேட்டதை எடுத்தே தீர வேண்டும், எடுக்காவிட்டால் தோல்வி. பலத்துக்குரிய விலை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இணையத்தில் போட்டி வைத்து விளையாடும் பலகை ஆட்டங்களில் ஓர் அட்டை எல்லாரையும் எரிச்சலூட்டினால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த அட்டையின் பலத்துக்கு எங்கே விலை வாங்கப்படுகிறது? ‘பலமான அட்டை’ என்பது முறைப்பாடு அல்ல. விலை கொடுக்காத பலம்தான் கோளாறு. அதைக் கண்டுபிடிக்காமல் எண்ணைக் குறைப்பவர்கள் நல்ல அட்டையைக் கொன்றுவிட்டு, கோளாறை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

விளக்கத்துக்காக ‘வாவிச் சந்தை’ என்று ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இருவர் விளையாடுவது: மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளில் ஒருவர் எழுவான்கரை, மற்றவர் படுவான்கரை. 12 சுற்று. தொடக்கத்தில் ஆளுக்கு 5 அட்டை, பிறகு சுற்றுக்கு 1 அட்டையும் 3 காசும். பொதுக் கட்டில் 60 அட்டை, ஒவ்வொன்றும் ஒரு பிரதி. அதில் ஒன்று ‘கல்லடிப் பாலம்’: விலை 3 காசு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மேலதிகமாக 1 அட்டை எடு. இதுதான் நம் பிரச்சினைக்குரிய அட்டை.

முதலில் கணக்கு

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு கூகுள் ஷீட் வரி போதும். யார் எந்தப் பக்கம், இருவரின் தரப்புள்ளி, தொடக்கக் கையில் அந்த அட்டை இருந்ததா, இடையில் வந்ததா, எந்தச் சுற்றில் இறக்கப்பட்டது, யார் வென்றார், ஆட்டம் எப்படி முடிந்தது. கடைசி விபரத்தைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் நம் பக்கத்தில் அது கட்டாயம். கரண்ட் போய், டேட்டா முடிந்து, லைன் அறுந்து முடிந்த ஆட்டத்தை ஒருவருக்கு வெற்றி என்று போட்டுவிட்டு, அதையே அட்டையின் கணக்கிலும் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். புள்ளிப்பட்டியலுக்கு அது வெற்றியாக இருக்கலாம். அட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

‘இறக்கியவர்கள் 64 வீதம் வென்றார்கள்’ என்ற கணக்கை நம்ப வேண்டாம். முன்னுக்கு நிற்பவரிடம்தான் அட்டை இறக்கக் காசு இருக்கும். ஆகவே ஏறக்குறைய எல்லா அட்டையும் இறக்கும்போது நல்லதாகவே தெரியும். ‘கைக்கு வந்தபோது’ என்பது அதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதிலும் ஒரு சாய்வு இருக்கிறது: நிறைய அட்டை எடுத்தவர் கையில்தான் எதுவும் வரும், நிறைய எடுத்தவரே பெரும்பாலும் வெல்கிறார். சுத்தமான கணக்கு தொடக்கக் கைதான். அங்கே இருப்பதைச் சீட்டுக்குலுக்கலே தீர்மானிக்கிறது, ஆட்டக்காரர் அல்ல.

ஆட்டக்காரரின் திறமை வேறு குறுக்கே நிற்கும். திறமையை எண்ணாகக் காட்டும் ஈலோ தரப்புள்ளியில் 100 வித்தியாசம் இருந்தால் கூடியவர் 64 வீதம் வெல்வார் என்று எதிர்பார்க்கலாம், 200 என்றால் 76 வீதம். எனவே 100க்கு மேல் இடைவெளியுள்ள ஆட்டங்களைத் தனியாக வையுங்கள். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர் ஆக்கள் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகுதான் உட்காருவார்கள், இரவு ஆட்டம் கூடும், ஆட்களின் கலவையே மாறும். அந்த மாதத்துக் கணக்கை முந்திய மாதத்தோடு நேரடியாக ஒப்பிடுவது பிழை.

இனி எத்தனை ஆட்டம் வேண்டும் என்பது. இருவர் ஆட்டத்தில் 100 ஆட்டத்துக் கணக்கின் தளம்பல், அதாவது தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம், கூட்டியும் குறைத்தும் 10 வீதம். அதாவது 58 என்று வந்தால் உண்மை 50 ஆகவும் இருக்கலாம். 400 ஆட்டத்தில் தளம்பல் 5 வீதமாகும், 1600இல் 2.5. நால்வர் ஆட்டமென்றால் நியாயமான பங்கு 25 வீதம் என்பதை மறக்காதீர்கள். அங்கே 33 வீதம் வெல்லும் அட்டை சாதுவானது அல்ல.

சின்னக் குழுவால் இவ்வளவு சேர்க்க முடியாது. 60இல் ஒரு பிரதி ஒருவரின் தொடக்கக் கைக்கு வரும் வாய்ப்பு 8 வீதத்துக்குச் சற்று மேல், இருவரில் ஒருவருக்கு வருவது 17 வீதமளவில். 100 உதாரணம் சேர்க்கவே 600 ஆட்டம் வேண்டும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, உண்மையில் மிக நல்ல வழியும் அதுதான்: இரட்டை ஆட்டம். பாலத்தை ஒருவரின் தொடக்கக் கையில் வேண்டுமென்றே வைத்து ஒரு குலுக்கலை விளையாடுங்கள். பிறகு அதே குலுக்கலைப் பக்கம் மாற்றி, வேறொரு சோடிக்குக் கொடுங்கள். கட்டின் அதிர்ஷ்டம் இரு பக்கமும் பெருமளவு கழிந்துபோகும். முதல் சோடியிடமே திரும்பக் கொடுத்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து விளையாடுவார்கள். பலகை ஆட்டங்களைக் கணினியில் ஆட விடும் டேபிள்டாப் சிமுலேட்டரில் அடுக்கிய கட்டைச் சேமித்து வைத்தால் இதைச் செய்துவிடலாம்.

நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்: அட்டை கிடைத்தவரின் வெற்றி 54 வீதம் வரை என்றால் கை வைக்காதே, 55 முதல் 57 வரை கவனி, 58ஐத் தாண்டிய பின்னும் தளம்பலைக் கழித்து 50க்கு மேல் நின்றால் மாற்று. புதியவர்களை மட்டும் அடித்துப்போட்டு, தேர்ந்தவர்களிடம் 50இல் நிற்கும் அட்டைக்கு மாற்றம் தேவையில்லை. அதை எப்படித் தடுப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எந்த இடத்தில் கசிகிறது

பாலத்தை இப்போது பிரித்துப் பார்ப்போம். வாவிச் சந்தையில் ஓர் அட்டை ஏறத்தாழ 2 காசு பெறும் என்று வைப்போம். பாலத்தின் செலவு 3 காசும் அந்த அட்டையும்: மொத்தம் 5. 2ஆம் சுற்றில் இறக்கினால் மீதிப் பத்துச் சுற்றில் 10 அட்டை, 20 காசு, இலாபம் 15. 9ஆம் சுற்றில் இறக்கினால் 3 அட்டை, 6 காசு, இலாபம் 1. சராசரியைப் பார்த்தால் கொஞ்சம் நல்ல அட்டை. பிரச்சினை சராசரியில் இல்லை, எப்போது வருகிறது என்பதில். தொடக்கத்தில் கிடைத்தவர் வெல்கிறார், பிந்திக் கிடைத்தவர் எறிகிறார்.

விலையை 3இலிருந்து 5 ஆக்கினால்? 2ஆம் சுற்றில் இலாபம் 13, இன்னும் அதிகம்தான். 9ஆம் சுற்றில் நட்டம். இருந்த கோளாறு இருக்க, பிந்திய பயன் மட்டும் செத்துப்போனது. விலை ஏற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் மருந்து. நேரத்தோடு வளரும் அட்டைகளுக்கு அது சரிவராது.

இதற்குப் பொருந்துவது எல்லை போடுவது. பாலத்தின் மேல் 4 வில்லை வை, அட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நீக்கு, தீர்ந்ததும் பாலம் போய்விடும். இப்போது 2ஆம் சுற்றிலும் 4 அட்டை, 8ஆம் சுற்றிலும் 4 அட்டை. செலவு 5, வரவு 8, இலாபம் 3. முந்தி இறக்குபவருக்கு அந்த அட்டைகளை நீண்ட நேரம் பயன்படுத்தும் சலுகை இன்னும் உண்டு. அது இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது சேர்க்கை. ‘தோணி’: 2 காசு கொடுத்து 1 மீன் எடு. ‘சந்தை நாள்’: விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மேலதிகமாக 1 காசு. மீன் வழமையாக 2 காசுக்கு விலைபோகும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் 2 கொடுத்து 3 வாங்கலாம், நிறுத்தாமல். எல்லாரும் சந்தை நாளைத்தான் திட்டுவார்கள், ஏனென்றால் காசு அங்கேதான் கொட்டுகிறது. மாற்ற வேண்டியது தோணியை. எல்லையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்ய விடுவது அதுதான். நாளைக்கு விற்பனைக்குச் சலுகை தரும் இன்னோர் அட்டை வந்தாலும் இதே வளையம் மீண்டும் வரும். ‘சுற்றுக்கு ஒரு முறை’ என்ற மூன்று சொல் போதும்.

பெரிய ஆட்டங்களிலும் இதே பாடம்தான். மெஜிக் த கெதரிங் என்ற அட்டை ஆட்டத்தில் ஸ்கல்க்ளாம்ப் என்ற அட்டையின் விலை 1 மட்டுமே. அதைத் தாங்கிய உயிரி செத்தால் 2 அட்டை கிடைக்கும், அது தரும் மாற்றமே சின்ன உயிரியைக் கொன்றும்விடும். எந்தக் கட்டிலும் பொருந்தியதால் 2004 ஜூனில் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையிலிருந்து தடைசெய்தார்கள். ஹார்த்ஸ்டோன் என்ற கணினி அட்டை ஆட்டத்தில் ஸ்டார்விங் பஸர்ட் என்ற அட்டை 2014இல் விலை 2இலிருந்து 5க்குப் போனது, அதன்பின் அதை யாரும் தேடவில்லை. அதே ஆட்டத்தின் அன்டர்டேக்கர் அட்டையை 2015இல் மாற்றியபோது அதன் தாக்குதல் வளர்ச்சியை விட்டுவிட்டு, உயிர்ப்புள்ளி வளர்ச்சியை மட்டும் எடுத்தார்கள். கசிந்த இடத்தைத் தேடிப் பிடித்த மாற்றம் அது, நமக்கு முன்மாதிரியாக வைக்கத் தகுந்தது.

மாற்றும்போது

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். விலையும் கூட்டி, பயனும் குறைத்தால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்லவே முடியாது. ஆட்டத்தின் எண்கள் மிகச் சிறியவையாக இருந்தால் 1 காசு கூட்டுவதே பெரிய அடி: சுற்றுக்கு 3 காசு வரும் ஆட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்கு வருமானம். அப்படியானால் விலையைத் தொடாமல், எத்தனை முறை, எப்போது, யாருக்கு என்பதில் கை வையுங்கள்.

வசனத்தையும் கவனமாக எழுதுங்கள். ‘1 அட்டை எடு’ என்றால் கணினி தானே எடுத்துத் தரும். ‘எடுக்கலாம்’ என்றால் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்கும். நாளுக்கு ஒரு நகர்வு போடும் ஆட்டத்தில் ஒரு கேள்வி ஒரு நாளைத் தின்னும். உண்மையிலேயே தெரிவு தேவையான இடத்தில் மட்டும் ‘லாம்’ போடுங்கள்.

அட்டையை நாம் திருத்த முடியாத ஆட்டங்கள் இருக்கின்றன. போர்ட் கேம் அரீனா என்ற இணையத்தளத்தில் இருப்பதை இருந்தபடிதான் விளையாட வேண்டும். அங்கே ஏலம்தான் மருந்து, அதாவது முந்நூற்றி நாலின் வழி. பலமான தொடக்கப் பக்கத்தையோ தலைவரையோ விரும்புபவர் எத்தனை புள்ளி விட்டுத்தருவார் என்று கேட்க வேண்டும், கூடச் சொன்னவருக்கு அது. கோ ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுபவருக்குக் கொடுக்கும் ஈட்டுப் புள்ளியான கோமி ஜப்பானில் 6.5, சீனாவில் 7.5. ட்வைலைட் ஸ்ட்ரகிள் என்ற இருவர் பலகை ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மேலதிகச் செல்வாக்கு கொடுத்து ஏலம் கேட்பது போட்டிக்காரர்களின் வழக்கம். ஏலத்தின் சிறப்பு, சரியான எண்ணை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர்களே சில வாரத்தில் அதை நிலைநிறுத்திவிடுவார்கள். எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்தால், அந்த அட்டை எவ்வளவு கூடிப்போயிருக்கிறது என்பதற்கு அதுவே அளவாகிவிடும்.

தொடர் நடக்கும்போது நடுவில் எதையும் மாற்றக் கூடாது. தொடங்கிய ஆட்டம் பழைய விதியிலேயே முடிய வேண்டும், ஒவ்வோர் ஆட்டத்திலும் விதிப்பதிப்பு எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பில் பழைய வசனம், புதிய வசனம், காரணம், எந்தத் திகதியிலிருந்து என்ற நான்கும் வரட்டும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அச்சடித்த அட்டையோடு பழகுபவர்களுக்குத் திருத்திய படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டு தரம் திருத்தியும் 58க்குக் கீழே இறங்காத அட்டையை அந்தப் பருவத்துக்கு வெளியே எடுத்து வைத்துவிடலாம். கட்டு 60இல் நிற்க வேண்டுமென்றால் அதன் இடத்துக்கு அதே விலையுள்ள ஒரு சாதாரண அட்டையைப் போடுங்கள். இல்லாவிட்டால் மற்ற அட்டைகளின் வாய்ப்புகளும் நகர்ந்து, இதுவரை சேர்த்த கணக்கும் கைவிட்டுப் போகும்.