போர்க்களச் செய்தியாளர்களுக்கு நன்றி சொல்லும் மாலை: நடத்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் இந்த நிகழ்ச்சிக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ போதும். மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். நவம்பர் 2, செய்தியாளர்களைத் தாக்குவோர் தண்டனையின்றித் தப்புவதற்கு எதிரான ஐ.நா. நாள், 2013இல் அன்றுதான் மாலியில் இரண்டு பிரெஞ்சு வானொலிச் செய்தியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டில் ஒன்றை ஒட்டிய சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வையுங்கள். விடியலில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போகிறவர்களை 9 மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

பெயர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கிய வேலை. "உலகெங்கும் உயிர்நீத்த செய்தியாளர்கள்" என்று மொத்தமாக நன்றி சொன்னால் அது யாரையும் சேராது. ஐந்து பேர் போதும். நம் நாட்டவரில் தொடங்குங்கள்: மலேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் நோராம்ஃபைசுல் முகமட் நோர், 2011 செப்டம்பர் 2 அன்று சோமாலியாவின் மொகடிஷுவில், நிவாரணப் பணியைப் படமெடுக்கச் சென்ற இடத்தில் சுடப்பட்டு இறந்தார். அடுத்து மயில்வாகனம் நிமலராஜன். யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி அனுப்பியவர். 2000 அக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அமெரிக்கச் செய்தியாளர் மேரி கொல்வின் 2001இல் இலங்கையின் வன்னிக்குள் போய்த் திரும்பும் வழியில் இடது கண் பார்வையை இழந்தார். அதன் பிறகும் போர்முனைகளுக்குப் போனார். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில் இறந்தார். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானிலும், இஸ்ஸாம் அப்துல்லா 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு லெபனானிலும் பலியானார்கள்.

ஒருவருக்கு 150 சொற்கள் எழுதுங்கள். நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். எங்கே வேலை செய்தார், எந்தச் செய்தியைத் தந்தார், அது வராவிட்டால் நமக்கு எது தெரியாமல் போயிருக்கும் என்பதே அதில் பெரும்பகுதியாக இருக்கட்டும். சாவுக்குக் கடைசி இரண்டு வரி. பெரும்பாலும் இது தலைகீழாகிவிடுகிறது: குண்டும் இரத்தமும் பக்கத்தை நிரப்ப, அவர் செய்த வேலை காணாமல் போகிறது. நன்றி அந்த வேலைக்குத்தான். தேதியையும் பெயரின் எழுத்தையும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள். வாட்சாப்பில் வந்ததை அப்படியே எடுக்காதீர்கள்.

மழைக்காலமானால், தகரக் கூரையில் விழும் சத்தத்தில் ஒலிபெருக்கி வைத்தும் பேச்சு கேட்காது. அதனால் ஒவ்வொரு பத்தியையும் ஏ3 தாளில் அச்சிட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள்: பெயர் பெரிய எழுத்தில், உரை ஒரே தாளில் அடங்கும் அளவுக்குப் பெரிதாக. அச்சுக்கடைக்குப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது தமிழ் சிதைந்தோ கட்டம் கட்டமாகவோ வரக்கூடும். சிறுவர்கள் வருவார்கள், இறந்த உடல்களின் படம் வேண்டாம். செய்தி நிறுவனப் படங்களுக்கு அனுமதி தேவை. கிடைக்காவிட்டால் எழுத்தே போதும்.

இறந்தவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். இன்றும் களத்தில் இருக்கும் ஒருவருக்கு, அங்கேயே ஆளுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எந்தச் செய்தி, எந்தத் தேதி, அதைப் படித்தபின் என்ன புரிந்தது: இவ்வளவே. "உங்கள் துணிச்சல் வாழ்க" என்று மட்டும் எழுதிய கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதில் அவர் இல்லை. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம். அவருக்கு வழிகாட்டும், மொழிபெயர்க்கும், வண்டி ஓட்டும் உள்ளூர்க்காரர்களும் அதே ஆபத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கும் ஒரு வரி நன்றி எழுதுங்கள். ஆனால் செய்தியிலேயே அச்சாகாத பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது, முகநூலிலும் போடக் கூடாது. கடிதம் தவறான கைக்குப் போனால் ஆபத்து அவர்களுக்குத்தான். உறை செய்தி நிறுவனத்தின் முகவரிக்கே போகட்டும். அன்பளிப்பு வைக்காதீர்கள், பல நிறுவனங்களில் செய்தியாளர் அதை வாங்க விதி இடம் தராது.

பணம் கொடுக்க விரும்புகிறவர்களிடம் மண்டபத்தில் உண்டியல் நீட்ட வேண்டாம். 1993இல் மாஸ்கோவில் கொல்லப்பட்ட ஒளிப்பதிவாளர் ரோரி பெக்கின் பெயரால் 1995 முதல் இயங்கும் அறக்கட்டளை, நிறுவனப் பாதுகாப்பு இல்லாத சுதந்திரச் செய்தியாளர்களுக்கு உதவுகிறது. அதன் இணையப் பக்கத்தில் அவரவரே செலுத்தலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் சுவரில் ஒட்டிய தாள்களைப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். கடிதங்களைத் திங்கட்கிழமையே அஞ்சலகத்தில் சேர்த்துவிடுங்கள்.