சேற்றுப்புண்ணிலிருந்து தொடங்கும் ஆய்வு: எலிக்காய்ச்சல் குறித்த அறிதலை அளப்பது எப்படி?

காவிரிப் படுகையில் எலிக்காய்ச்சலைப் பற்றி வயல் தொழிலாளர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறவர், முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கும்போதும், பின்னர் சம்பா நடவின்போதும் அவர்கள் நாள் முழுதும் சேற்றில் நிற்கிறார்கள்; எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி சேற்றுப்புண்ணின் வழியே உடலுக்குள் புக அதுவே வாய்ப்பான காலம்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் முன் ஒருவரிடமும் தகவல் திரட்டக் கூடாது. அறிந்தோர் விகிதம் 50 சதவீதம், பிழை 5 சதவீதம், நம்பக அளவு 95 சதவீதம் எனக் கொண்டால் மாதிரிக்கு 384 பேர் வேண்டும். ஊர்களைத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்ணை வடிவமைப்பு விளைவால் (ஒரே ஊராரின் விடைகள் ஒத்திருப்பதை ஈடுசெய்யும் மடங்கு) பெருக்க மறக்கலாகாது.

வினாத்தாளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “லெப்டோஸ்பைரோசிஸ் தெரியுமா?” என்று எலிக்காய்ச்சலின் மருத்துவப் பெயரைச் சொல்லிக் கேட்டால் “தெரியாது” என்றே விடை வரும், அது அறியாமைக்குச் சான்றாகாது. “காலில் சேற்றுப்புண் இருக்கும்போது வயலில் இறங்குவீர்களா, அதற்கு என்ன தடவுவீர்கள்?” என்று கேட்டால், மஞ்சள், வேப்பெண்ணெய் தொடங்கி அன்றைய கூலியை இழக்க முடியாத நிலை வரை பேச்சு விரியும். அறிதலுக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் புலப்படும்; என் கருத்தில் ஆய்வேட்டின் கனமான இயலும் அதுவே. நடவாட்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல், கஞ்சி குடிக்கும் வேளையில் வரப்பில் தனியாக அமர்ந்து கேட்பது நல்லது.