எக்ஸ்எஸ்எல்டியில் நகலெடுக்கும்போது & குறி என்ன ஆகிறது?

எக்ஸ்எஸ்எல்டி என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளை மாற்றியமைக்கும் மொழி. ஒருமுறை அதை வைத்துக் கடைப் பட்டியல் கோப்பு ஒன்றை நகலெடுத்தேன். திறந்து பார்த்தால் & இருந்த இடமெல்லாம் &ஆம்ப்;ஆம்ப்; என்று நின்றது. தப்பு என்னுடையதுதான். என்ன தப்பு என்பதைச் செய்தே பார்த்துவிடலாம். (கட்டளைகளையும் &ஆம்ப்; என்பதையும் உச்சரிப்புப்படி எழுதுகிறேன்; கோப்பில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில் இதைச் சேமியுங்கள். குறிச்சொல் தமிழிலேயே இருக்கலாம், எக்ஸ்எம்எல் ஏற்றுக்கொள்ளும். வெறும் & குறியை மட்டும் ஏற்காது; &ஆம்ப்; என்று மாற்றி எழுத வேண்டும், அதற்குப் பெயர்தான் எஸ்கேப்.

<கடை>ராஜா &ஆம்ப்; சன்ஸ், <ஊர்>மதுரை</ஊர்></கடை>

அடுத்து, ஸ்டைல்ஷீட்டில் (எக்ஸ்எஸ்எல்டி விதிகளை எழுதும் கோப்பு) ஒரே ஒரு டெம்ப்ளேட், அதாவது விதி. அதன் மேட்ச்: @*|நோட்(); குறிச்சொல், அதன் பண்பு, எழுத்து என எல்லாவற்றுக்கும் பொருந்தும். உள்ளே காப்பி, காப்பிக்குள் அப்ளை-டெம்ப்ளேட்ஸ், அதன் செலக்ட்டும் @*|நோட்(). எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் (ஸ்டைல்ஷீட்டை ஓட்டும் நிரல்) ஓட்டினால் &ஆம்ப்; உட்பட எல்லாம் அப்படியே வரும்.

எப்படி? கோப்பைப் படிக்கும்போதே பார்சர் &ஆம்ப்; என்பதை வெறும் & ஆக்கிவிடுகிறது. எழுதும்போது சீரியலைசர் மறுபடி எஸ்கேப் செய்கிறது. நடுவில் நிற்கும் ஸ்டைல்ஷீட் &ஆம்ப்; என்ற ஒன்றைப் பார்ப்பதே இல்லை. நானோ அங்கே & குறியைத் தேடி &ஆம்ப்; என மாற்றி வைத்தேன். சீரியலைசர் அதையும் ஒருமுறை எஸ்கேப் செய்துவிட்டது!

சரி, இப்போது கடைக்கு மட்டும் தனி டெம்ப்ளேட் எழுதி, காப்பிக்குள் வேல்யூ-ஆஃப் (செலக்ட் ".") போடுங்கள். மதுரை இருக்கும், ஊர் குறிச்சொல் போய்விடும். வேல்யூ-ஆஃப் எழுத்தை மட்டும்தான் தரும். அதற்குப் பதில் காப்பி-ஆஃப், செலக்ட் நோட்() என்று மாற்றினால் ஊர் திரும்பிவிடும். பலர் இந்த இடத்தில் டிசேபிள்-அவுட்புட்-எஸ்கேப்பிங்கை (எழுதும்போது எஸ்கேப் செய்யாதே என்று சொல்வது) தேடிப் போகிறார்கள். வேல்யூ-ஆஃபில் போட்டுப் பாருங்கள்: ஊர் வராது, & மட்டும் மொட்டையாக வெளியே வரும், அடுத்த பார்சர் அந்தக் கோப்பைத் திறக்கவே மறுக்கும். எல்லா பிராசசரும் (ஸ்டைல்ஷீட்டை ஓட்டும் நிரல்கள்) அதை ஆதரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அப்புறம் சிடேட்டா, அதாவது உள்ளே இருப்பதை எஸ்கேப் செய்யாமலே எழுதவிடும் உறை. நகலில் அந்த உறை காணாமல் போகும், உள்ளே இருந்தது எஸ்கேப் ஆகி வரும்; பொருள் ஒன்றே, பதற வேண்டாம். உறை வேண்டியே தீரும் என்றால் ஸ்டைல்ஷீட்டின் அவுட்புட் கட்டளையில் சிடேட்டா-செக்‌ஷன்-எலிமெண்ட்ஸ் என்று போட்டு குறிச்சொல்லின் பெயரைக் கொடுங்கள்.

ஆர்எஸ்எஸ் (இணையதளங்களின் செய்தி ஓடை) விவரணையில் இருப்பதுபோல எஸ்கேப் செய்த எச்டிஎம்எல்லை நிஜக் குறிச்சொல்லாக்க வேண்டுமா? 2017இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 3.0இல் அதற்குப் பார்ஸ்-எக்ஸ்எம்எல்-ஃப்ராக்மெண்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. எக்ஸ்எஸ்எல்டிபிராக் 1.0 மட்டுமே அறிந்தது, 3.0 அறிந்த சாக்ஸன் பிராசசருக்கு மாறுங்கள். உள்ளே ஒரு <பிஆர்> மூடாமல் கிடந்தாலும் அந்தச் செயற்கூறு பிழை சொல்லி நின்றுவிடும்.